எதிர்ப் பிளாட்பாரம்

சின்னுசாமிக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவன் சண்டைக்கு வருவான். அது பொறாமை இல்லை, அக்கறை என்பான். பொண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் ஒரு புருஷனா என்று நம்மையே திருப்பிக் கேட்பான். அந்த அக்கறைதான் அவனைச் சரியாகச் சோறு தின்னவிடாமல், தூங்கவிடாமல், கடைசியில் வேலைவெட்டியைப் போட்டுவிட்டுச் சென்னைக்கே பஸ் ஏற வைத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கை.

கொல்லிமலைமேல் தேவனூர் நாட்டில் இருக்கும் சின்னுசாமியின் ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது இரண்டே இடங்களில். ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் கிடைக்கும். இல்லையென்றால், மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். தினமும் சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டுப் பாறைக்குப் போய் மனைவி பூங்குழலிக்கு வீடியோ கால் போடுவான். அவள் சென்னைப் புறநகரில் ஒரு ரயில்வே ஸ்டேஷனில், மகளிர் குழுவின் கடையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் ரயில் வரும், போகும். பெரிய பெரிய காகிதப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடப்பார்கள். ஒருநாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பளபளவென்று ஸ்டீல் பட்டை போட்ட வாட்ச். ஒரு பேப்பர் கப்பில் டீயை அவள் முன்னால் வைத்துவிட்டு அந்தக் கை மறைந்தது.

"தேங்க்ஸுங்க," என்றாள் பூங்குழலி, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்து.

"யாரு அது?"

"டீக்கடைக்காரருங்க."

"நீ கேட்டியா டீ?"

"நான் எங்க கேக்கறேன். அவரே கொண்டாந்து வெச்சிட்டுப் போவாரு."

கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பூங்குழலி தனக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னதில்லை என்பது சின்னுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் தான் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்ததில்லை என்பது மட்டும் அவனுக்கு உறைக்கவே இல்லை.

அந்தக் கடை மெர்சி மேடத்தின் ஏற்பாடு. மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி, மலையிலிருக்கும் செம்மேட்டு ஆபீசுக்கு வந்தவர். அந்த ஸ்டேஷனை ஒட்டிப் பெரிய ஷாப்பிங் மால் ஒன்று இருக்கிறது, பிளாட்பாரத்து மேம்பாலம் நேராக மாலுக்குள்ளேயே போகிறது, அதனால் எல்லாரும் அதை மால் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள், அப்பேர்ப்பட்ட இடத்தில் கொல்லிமலை மிளகுக்கும் தினைக்கும் தேனுக்கும் கடை கிடைத்திருக்கிறது என்று குழுக் கூட்டத்தில் சொன்னார். பதினைந்து நாளைக்கு, வாய் பேசத் தெரிந்த இரண்டு பெண்கள் வேண்டும் என்றார். எல்லாரும் பூங்குழலியைக் கைகாட்டினார்கள். துணைக்கு ராமாயி. இரண்டு பேரும் தங்க ஒரு பெண்கள் விடுதி.

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று அத்தனை பேர் முன்னால் மெர்சி மேடம் சின்னுசாமியைக் கேட்டார். ஊர் முன்னால் நிறுத்திக் கேட்டால் ஒரு ஆம்பளை என்னத்தைச் சொல்வான்.

"தாராளமாப் போகட்டுங்க," என்றான்.

அந்தத் 'தாராளமா'வுக்காக அவன் பிறகு தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. ஏனென்றால் அது மிளகு பறிக்கிற காலம்.

மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. அதை மரத்தில் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறவேண்டும். மேலே போகப் போக மூங்கில் ஆடும். கீழே நிற்கிற ஆள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்து எதிர்ப்பக்கம் இழுக்கவேண்டும். பிடி நழுவினால் ஏறியவன் கதி அதோகதி. கல்யாணமான வருஷத்திலிருந்து சின்னுசாமிக்கு ஏணி பிடிப்பவள் பூங்குழலிதான். அவள் பிடித்தால் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவான். வேறு யார் பிடித்தும் அவன் ஏறியதில்லை.

"நான் வந்து புடிக்கட்டுமா தம்பி?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணாமலை கேட்டான்.

நல்ல மனசோடுதான் கேட்டான். கேட்ட ஆள்தான் தப்பான ஆளாகப் போய்விட்டான். அண்ணாமலை பூங்குழலிக்குத் தாய்மாமன் மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்கவேண்டியவன். பெரியவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் வர, அந்த இடைவெளியில் சின்னுசாமி புகுந்து பெண் கேட்டுக் கட்டிக்கொண்டான். அண்ணாமலைக்கு இப்போது பாவாயி என்று மனைவி இருக்கிறாள், மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், சின்னுசாமியுடையதைவிடச் செழித்த கொடிகளும் இருக்கின்றன. அண்ணாமலை அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். சின்னுசாமிதான் மறக்கவில்லை. திருவிழாவில் அண்ணாமலை புதுச்சட்டை போட்டுவந்தால்கூட அது யாருக்காக என்று யோசிக்கிற ஆள் அவன்.

"வேண்டாண்ணே. அவ வந்துடுவா," என்றான்.

அவள் வருவதற்குள் மிளகு பழுத்தது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, குருவிகள் வந்து கொத்த ஆரம்பித்தன. அண்ணாமலை தன் தோட்டத்தைப் பறித்துக் காயவைத்து, மூட்டை கட்டிக் குழுவுக்குக் கொடுத்தும் விட்டான். இதற்கிடையில் ராமாயி காய்ச்சல் என்று பாதியிலேயே திரும்பி வந்தாள். வந்தவள் கஷாயம் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கலாம். ஊரெல்லாம் கதை சொன்னாள்.

"பூங்குழலி அங்க ராணியாட்டம் இருக்கறா. இந்திக்காரங்ககிட்டக்கூடப் பேசி விக்கறா. டீக்கடைக்காரரு தெனமும் டீ குடுக்கறாரு, காசே வாங்கறதில்ல."

கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். சின்னுசாமி மட்டும் அதை ஒரு வார்த்தை விடாமல் மனசில் முடிந்துகொண்டான். கெடு முடிகிற அன்றைக்குப் பாறையில் ஏறிப் போன் போட்டான், எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்க.

"ஏனுங்க, கடைய இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சிட்டாங்க," என்றாள் பூங்குழலி. "யாவாரம் நல்லாருக்குதாம். மேடம் என்னையவே இருக்கச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"செரின்னேன்."

"என்னையக் கேக்காமயா?"

"இப்பக் கேக்கறேனுங்களே."

"மொளகு?"

"அண்ணாமலை மாமங்கிட்டச் சொல்லுங்க, ஏணி புடிப்பாரு. அவரு புடிச்சா ஆடாது."

அவர் பிடித்தால் ஆடாது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? சின்னுசாமி போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருட்டுகிற வரைக்கும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தான். வாட்ச் கட்டிய கை ஒரு பக்கம், ஏணி பிடிக்கிற கை ஒரு பக்கம். நடுவில் தன் கை மட்டும் சும்மா கிடப்பதுபோல அவனுக்கு இருந்தது.

மறுநாள் செம்மேட்டுக்குப் போய் டிக்கெட் போட்டான். போவதற்கு ஒரு சீட்டு, திரும்பி வருவதற்கு இரண்டு சீட்டு. அவளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று முடிவு. வார்த்தைக்குப் பதில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே. தரையில் நின்றபடி எட்டிய மட்டும் சிவந்த மிளகைக் கொத்துக் கொத்தாக ஒடித்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டான். நீ போனதால் என்ன ஆயிற்று பார் என்று அவள் முன்னால் கொட்டவேண்டும்.

காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினில் வந்து மால் ஸ்டேஷனில் இறங்கினான். எதிர்ப் பிளாட்பாரத்தில், மேம்பாலத்துப் படிக்குப் பக்கத்திலேயே கடை தெரிந்தது. பூங்குழலி அப்போதுதான் சாமான்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். படி ஏறி இறங்கினால் இரண்டு நிமிஷத்தில் அவள் முன்னால் நிற்கலாம். அவன் ஏறவில்லை. போனால் நல்லவள்போல் இருப்பாள், தெரியாமல் நின்று பார்த்தால்தானே உண்மை தெரியும் என்று அந்த அக்கறை சொன்னது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றான்.

முதலில் பார்த்தது அவள் தலையில் பூ. ஊரில் விசேஷத்துக்குத்தான் வைப்பாள். அடுத்து அவள் பேசுவதைப் பார்த்தான். என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்தது. நிற்கிறவர்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு மிளகை வைத்துக் கடிக்கச் சொல்கிறாள். அவர்கள் கடித்து, இருமி, சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். பேன்ட் போட்ட ஒருத்தனுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். வீட்டில் அவள் இப்படிப் பேசி அவன் பார்த்ததில்லை. வீட்டில் சாப்பிட்டீங்களா, மாட்டுக்குத் தண்ணி வெச்சீங்களா, அவ்வளவுதான். முகந்தெரியாத ஜனங்களுக்கு இத்தனை பேச்சும் சிரிப்பும் வைத்திருக்கிறாளே, இதெல்லாம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று நினைத்தபோது சின்னுசாமிக்குக் கண்ணைக் கரித்தது. அது பொறாமைதான். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவனே ஒத்துக்கொண்டிருப்பான்.

நடுவில் ரயில் வந்து நின்றால் எல்லாம் மறைந்துவிடும். ரயில் போனதும் வேறு காட்சி இருக்கும். அதுதான் பெரிய இம்சை. ஒரு ரயில் வருவதற்கு முன்னால் பூங்குழலி கடையில் இருந்தாள். அது நகர்ந்ததும் பார்த்தால் அவளைக் காணோம். அவள் ஸ்டூலில் ஒரு ஆம்பளை உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும், சீவி விட்ட தலை, மடித்துவிட்ட சட்டைக் கை, வாட்ச். தன் வீட்டுத் திண்டில் சாய்கிற மாதிரி சாவகாசமாகச் சாய்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பூங்குழலி மால் பக்கமிருந்து மேம்பாலத்தில் வந்தாள். முகம் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். வாட்ச்சுக்காரன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் ஏதோ சொன்னாள், அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் டீக்கடைக்குப் போனான்.

மாலுக்குள் இவளுக்கு என்ன வேலை? அதுவும் முகத்தைக் கழுவிக்கொண்டு? மத்தியானத்துக்குள் இதே கூத்து இன்னொரு தடவை நடந்தது. சின்னுசாமியின் மண்டைக்குள் மெகா சீரியலே ஓடியது.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் என்ன நடக்கிறது என்று ஆள்விட்டுப் பார்க்கலாம் என்று சின்னுசாமிக்கு ஒரு யோசனை.

"ஏனுங்கம்மா, மால் பக்கம் போவீங்களா? அந்தக் கடையில எனக்கு ஒரு மொளகுப் பாக்கெட் வாங்கியாந்து குடுக்க முடியுங்களா? எனக்குக் காலு முடியாதுங்க, படி ஏற முடியல."

நெட்டுக்குத்தாக நிற்கும் மரத்தில் ஏறுகிற ஆள் இதைக் கூசாமல் சொன்னான். அந்த அம்மா பாவப்பட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் கடையில் நின்று பேசுவதும், இந்தப் பக்கம் கைகாட்டுவதும் தெரிந்தது. சின்னுசாமி சட்டென்று தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்தான். ரயில் வந்தது. ரயில் போனபோது டீக்கடைக்காரன் கடை முன்னால் நின்றிருந்தான். பூங்குழலி அவனிடம் ஏதோ சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் சின்னுசாமியிடம் ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்த அம்மா பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. பாக்கெட்டின் நடுவில், மீசையை முறுக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி அண்ணாமலை இருந்தான். கீழே, 'விளைவித்தவர்: அண்ணாமலை, தேவனூர் நாடு, கொல்லிமலை' என்று அச்சடித்திருந்தது.

விளைவித்தவர் முகத்தைப் போட்டால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று மெர்சி மேடம் மிளகு கொடுத்தவர்களை எல்லாம் போட்டோ எடுத்தது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவன் மிளகு மரத்திலேயே இருந்ததால் அவனை எடுக்கவில்லை. சின்னுசாமி தூணை விட்டு வெளியே வந்து எதிர்க் கடையை நன்றாகப் பார்த்தான். வரிசை வரிசையாக அடுக்கிவைத்திருந்த அத்தனை பாக்கெட்டும் அண்ணாமலை. நடுவில் சின்னுசாமியின் பொண்டாட்டி. காலையிலிருந்து அவள் ஜனங்களின் உள்ளங்கையில் வைத்துக் கடிக்கச் சொன்னது, காரம் எப்படி என்று பெருமைப்பட்டது, எல்லாம் அண்ணாமலையின் மிளகு. டீக்கடைக்காரனை நினைத்து எரிந்தது ஒரு எரிச்சல் என்றால், இது அதைவிடப் பழைய எரிச்சல்.

"அண்ணே, டீ."

திரும்பினான். வாட்ச் கட்டிய கை ஒரு பேப்பர் கப்பை நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா குடுக்கச் சொன்னாங்க," என்றான் டீக்கடைக்காரன். "காலையிலேர்ந்து நிக்கறீங்களாம். கால் முடியாதவர், உக்காந்து குடிக்கச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு ஒரே சிரிப்பு."

அந்தச் சிரிப்பு அவனைப் பற்றித்தான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"தூணைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கறவரு எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான், மரம்னு நெனச்சிட்டாருன்னு காலையிலயே சொல்லிட்டாங்க. அவரா வரட்டும்னுதான் இருந்தாங்க." பேர் ஓம்பிரகாஷ் என்றான், விருத்தாசலத்துக்காரன்.

டீ சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சின்னுசாமி கேட்டே விட்டான். "நீங்க எதுக்கு அவ கடையில போய் உக்காந்தீங்க?"

"அக்கா பாத்ரூம் போகவேணாமா? இங்க ஸ்டேஷன்ல இருக்கறது எப்பப் பாத்தாலும் பூட்டியே கெடக்கும். மாலுக்குத்தான் போகணும், போய்வர இருபது நிமிஷம் ஆயிடும். கூட வந்தவங்க பாதி நாள் காய்ச்சல்னு விடுதியிலயே படுத்துட்டாங்க, அப்பறம் ஊருக்கே போயிட்டாங்க. கடையத் தெறந்துபோட்டுட்டு எப்படிப் போவாங்க? மொதல்ல ரெண்டு மூணு நாள் தண்ணியே குடிக்காம உக்காந்திருந்தாங்க. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதான் நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அதுக்குத்தான் டீ. டீ குடிச்சா நான் இருக்கேன்னு அர்த்தம்."

சின்னுசாமி எதையெல்லாமோ யோசித்திருந்தான். இதை மட்டும் யோசிக்கவில்லை. தினமும் பாறையில் ஏறி நின்று யாரு, எவரு, ஏன் சிரிச்ச என்று துருவித் துருவிக் கேட்டவன், தண்ணி குடிச்சியா என்று ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாக, இதை இவனிடம் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லையே என்று புதுசாக ஒரு பொறாமையும் வந்து உட்கார்ந்தது. இப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது.

மேம்பாலம் ஏறி இறங்கிக் கடை முன்னால் போய் நின்றான். பூங்குழலி அவன் காலைப் பார்த்தாள்.

"படி ஏற முடிஞ்சுதுங்களா?"

அவன் துணிப்பையைக் கவிழ்த்தான். சிவந்த மிளகுக் கொத்துகள் மேஜையில் கொட்டின. பூங்குழலியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கொத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத்தன பழுத்துப்போச்சுங்களா? பறிக்கவே இல்லீங்களா?"

"ஏணி புடிக்க ஆளில்ல."

"ஊருல ஆளா இல்ல?"

"உன்ற கையி இல்ல."

இதைக் கோபமாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஆரம்பித்தான். வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரி வந்தது. பூங்குழலி கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தாள்.

"என்ற கையி இல்லீன்னா மரம் காஞ்சாலும் ஏறமாட்டீங்க. அப்பறம் நான் எங்கதான் போறது? நல்லது கெட்டதுக்குக்கூடப் போவாம உங்க ஏணிக்கு அடியிலயே நிக்கணுமா?"

அதற்குள் மாலிலிருந்து வந்த இரண்டு பெண்கள் மேஜை முன்னால் நின்றுவிட்டார்கள். இது என்ன பழம் என்று கேட்டார்கள். மிளகு என்றதும் நம்பவில்லை. பின்னால் வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். மிளகு கறுப்பாகவேதான் பிறக்கும் என்று நினைத்திருந்த ஜனம் அது. பூங்குழலி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கொத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"மொளகுதானுங்க. மரத்துல இருக்கறப்ப இப்படித்தான் இருக்கும். காயவெச்சாத்தான் கறுப்பு. கடிச்சுப் பாருங்க, மொதல்ல இனிக்கும், அப்பறந்தான் காரம் ஏறும்."

செல்போன்கள் நீண்டன. ஒரு பெரியவர் கொத்தைத் தன் பேரப்பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுத்தார். "யார் தோட்டத்துதும்மா?" என்று கேட்டார்.

"இவருதுங்க. எங்க ஊட்டுக்காரரு."

எல்லாரும் சின்னுசாமியைப் பார்த்தார்கள். அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணாமலை அத்தனை பாக்கெட்டிலிருந்தும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் அந்த நேரத்தில் அவனைப் பார்க்க ஆளில்லை. குட்டிச் சந்தோஷம். சின்னுசாமி அதை விடாமல் அனுபவித்தான்.

கூட்டம் கலைந்ததும் பூங்குழலி எழுந்து தலைப்பைச் சரிசெய்தாள்.

"கடையப் பாத்துக்கங்க. மால் வரைக்கும் போய்ட்டு வாரேன்."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஓம்பிரகாஷ் தன் டீக்கடையிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஒரு பெண் வந்து அண்ணாமலை பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்ல மிளகுதானா?"

சின்னுசாமி பாக்கெட்டைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். சுமார்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பூங்குழலி காலி ஸ்டூலை நம்பிப் போகவில்லை, தன்னை நம்பிப் போயிருக்கிறாள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"நல்ல மொளகுங்க," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான். "எங்க ஊருலயே நல்ல கொடி இவருதுதான்."

படியில் இறங்கி வந்த பூங்குழலியின் காதில் அது விழுந்தது. சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "இந்த மாசம் முடிஞ்சதும் வந்துடுவேனுங்க," என்றாள். "வாரப்ப உங்க மொளகும் இங்க இருக்கணும். போட்டோவுக்கு மீசைய ஒழுங்கா வெட்டிக்கங்க." இரண்டு சீட்டில் ஒரு சீட்டு காலியாகவே கொல்லிமலை வந்து சேர்ந்தது.

அண்ணாமலையைக் கேட்க அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. கேட்டதும் அண்ணாமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். சின்னுசாமி முதல் கணுவில் கால் வைத்தபோது முதுகெல்லாம் வியர்த்தது. பாதி ஏறியும் மூங்கில் அசையவில்லை. உச்சிக்குப் போயும் அசையவில்லை. அவரு புடிச்சா ஆடாது என்று அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கை பாட்டுக்கு மிளகைப் பறித்துப் பையில் போட்டது.

உச்சியில் சிக்னல் இருந்ததால் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு, மறுகையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். திரையில் பூங்குழலி. பின்னால் ரயில்.

"ஏறிட்டீங்களா? யாரு புடிக்கறாங்க?"

"அண்ணாமலை அண்ணன்."

"ஆடுதுங்களா?"

"இல்ல. நீ தண்ணி குடிச்சியா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திரையின் ஓரத்திலிருந்து வாட்ச் கட்டிய கை நீண்டது. "அக்கா, டீ," என்று குரல் கேட்டது.

"யாரு தம்பி அது, ஆம்பளக் கொரலு?" கீழேயிருந்து அண்ணாமலை கேட்டான்.

"டீக்கடைக்காரருண்ணே. நல்ல மனுசன்."

"பூங்குழலி டீ கேட்டுச்சா?"

"கேக்காமயே கொண்டாந்து குடுப்பாரு."

"கேக்காமயேவா?"

அவ்வளவு நேரம் அசையாமல் நின்ற ஏணி முதல் தடவையாக ஆடியது. சின்னுசாமி மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். அண்ணாமலை ஏணியைப் பார்க்காமல், அண்ணாந்து, அவன் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் என்ன சொன்னாலும், அவன் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

"நீங்க ஏணியப் பாருங்கண்ணே," என்றான் சின்னுசாமி.